பழுது பார்த்த பாகத்துக்குப் பொட்டு

ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளரை மகிழ்வித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டால், அதன் பிறகு அந்த ஆளுக்கு யாரும் உதவ முடியாது. வாகைப்பூ மோட்டார்ஸ் அப்படி முடிவு கட்டிய கம்பெனி. ராஜபாண்டி அதனிடம் மாட்டிய ஆள். இதில் நான் கூட்டிச் சொல்வது எதுவும் இல்லை. சில இடங்களில் குறைத்துத்தான் சொல்கிறேன். முழுவதையும் சொன்னால் என்னையும் மகிழ்விக்கக் கிளம்பி வந்துவிடுவார்கள்.

ராஜபாண்டி கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுப்பவர். சாந்தமான மனிதர். வருகிறவர்களிடமெல்லாம் "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று பொய் சொல்லியே பழகியதால் குரலை உயர்த்திப் பேச அவருக்கு வராது. அவர் கடன் போட்டுக் கார் வாங்கியதற்கு ஒரே காரணம் அவருடைய அக்கா தங்கப்பொண்ணு.

அக்கா எழுமலையில் வாழ்க்கைப்பட்டவர். சில வருடங்களுக்கு முன்பு ராஜபாண்டி கே.கே. நகர் வீட்டுக்குக் குடிவந்தபோது, பால் காய்ச்ச அக்காதான் பானையை அடுப்பில் ஏற்றுவது என்று பேச்சு. அக்கா ஏறிய பஸ் உசிலம்பட்டி தாண்டியதும் பஞ்சராகி நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று எல்லோரும் அவசரப்படுத்த, ராஜபாண்டி தன் கொழுந்தியாளைக் கூப்பிட்டுப் பானையை ஏற்றச் சொல்லிவிட்டார். அக்கா வியர்க்க விறுவிறுக்க வாசலுக்கு வந்தபோது பால் பொங்கி, ஆளாளுக்குக் குடித்தும் முடித்திருந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டார்.

தப்பு பஸ்ஸின் மேல் என்று ராஜபாண்டி சொல்லிவந்தார். தப்பு தம்பியின் மேல் என்று அக்கா சொல்லிவந்தார். "நல்ல நேரம் போயிருமேன்னு பாத்தான், அக்கா போயிருவாளேன்னு பாக்கல" என்று எழுமலையில் அவர் சொல்லி அழாத வீடு கிடையாது. பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இப்போது ராஜபாண்டியின் மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் சீருக்குக் குறைவில்லை. ராஜபாண்டியின் மனைவி தமிழ்வாணிக்கு அண்ணன் ஒருவர் மேளம் வைத்துச் சீர் கொண்டுவரத் தயாராக இருந்தார். ஆனால் ஆரத்தி எடுக்க அத்தை வேண்டும். அத்தை இல்லாமல் பிள்ளையை மேடையில் உட்கார வைத்தால் ஊர் கேட்கும் என்பது ஒரு பக்கம். அதைவிட, ராஜபாண்டிக்கு அக்கா இல்லாமல் தாங்கவில்லை. தூது போனவர்களிடம் அக்கா சொல்லி அனுப்பியது இதுதான்: "பஸ்ஸ நம்பி வந்தது ஒருக்காப் போதும். அவன் சொந்த வண்டியில வந்து கூப்பிட்டா வாரேன். வாடகை வண்டிய அனுப்புனா, டிரைவருக்குச் சோத்தப் போட்டுத் திருப்பி அனுப்பிருவேன்."

அக்காவிடம் இன்னொரு சங்கதியும் உண்டு. கண்ணாடி மூடிய வண்டி அவருக்கு ஆகாது. தெருமுனை தாண்டுவதற்குள் குடலைப் பிரட்டி வாந்தி எடுத்துவிடுவார். ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குக் கண்ணாடி இறங்கியாக வேண்டும், முகத்தில் காற்று அடித்தாக வேண்டும். ஆகவே ராஜபாண்டியின் குடும்ப நிம்மதி ஒரு கார்க் கண்ணாடி கீழே இறங்குவதைப் பொறுத்து இருந்தது.

கார் வாங்கிய அன்று வாகைப்பூ மோட்டார்ஸில் பெரிய விழாவே நடந்தது. வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவின் அதிகாரி சத்யப்ரியா பட்டுப்புடவையில் வந்து, சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து வண்டிக்குப் பொட்டு வைத்தார். முன்பக்கம், பின்பக்கம், ஸ்டீயரிங், கியர், கண்ணாடியை ஏற்றி இறக்கும் சுவிட்சுகள் என்று எதையும் விடவில்லை. ஒவ்வொரு பொட்டுக்கும் ஊழியர்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். ராஜபாண்டி கூச்சத்தில் நெளிந்தார். தமிழ்வாணிக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவை அழைக்கப் புறப்பட்டார்கள். நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் கண்ணாடி சொன்னபடி கேட்டது. அதைத் தாண்டியதும் யாரும் தொடாமலே பாதி இறங்கியது, பிறகு தானாக ஏறிக்கொண்டது. செக்கானூரணியில் அடியோடு நின்றுபோனது. நான்கு கண்ணாடியும் மூடிய நிலையில் எழுமலை போய்ச் சேர்ந்தார்கள்.

அக்கா வெகுநேரம் பிகு பண்ணிவிட்டு, சரி, கோயில் வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று ஏறினார். ஏறியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். ராஜபாண்டி சுவிட்சை அழுத்தினார், இழுத்தார், கெஞ்சினார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்து இறங்கி, வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் சொன்னதைத் தெருவே கேட்டது.

"அக்காளுக்குக் காத்து விடக்கூட மனசில்ல. ஏசி வண்டின்னு நாலு பேருக்குத் தெரியணும் ஒனக்கு. விசேசத்தன்னைக்கு வா. கண்ணாடி எறங்குச்சுன்னா நானும் வாரேன். எறங்கலன்னா இந்த வாசப்படிய மிதிக்காத."

மறுநாள் ராஜபாண்டி லீவு போட்டுவிட்டுச் சர்வீஸ் சென்டருக்குப் போனார். வெளியில் யாரிடமாவது காட்டலாம்தான். ஆனால் வேற்று ஆள் ஒருவர் கதவைத் திறந்து பார்த்தாலும் வாரன்டி போய்விடும் என்று விழா அன்றே கை தட்டலுக்கு நடுவில் சொல்லியிருந்தார்கள். அங்கே அவரை வரவேற்றது சூரியபிரகாஷ் என்ற ஆலோசகர். கழுத்தில் டை, கையில் டேப்லெட். கண்ணாடி இறங்கவில்லை என்று ராஜபாண்டி சொன்னதும் அவர் முகம் வாடியது. இந்த நிறுவனத்தில் புகாரை எதிர்மறையாக எழுத அனுமதி இல்லையாம். கொஞ்ச நேரம் யோசித்து, "கண்ணாடி மேலே இருக்க விரும்புகிறது" என்று பதிவு செய்துகொண்டார். கீழே ஒரு கட்டம் இருந்தது. இது வாடிக்கையாளருக்கு எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்று அதில் குறிக்க வேண்டும். மகிழ்ச்சி இல்லை என்பதற்கு அதில் இடம் இல்லாததால், "மிதமான மகிழ்ச்சி" என்று குறித்துக்கொண்டார்.

ஃபியூஸை மாற்றினார்கள். சுவிட்சைக் கழற்றி எதையோ பீய்ச்சிச் சுத்தம் செய்து மாட்டினார்கள். கண்ணாடி வெண்ணெயாக இறங்கியது. ராஜபாண்டி சாவியை வாங்கக் கையை நீட்டினார். சூரியபிரகாஷ் தரவில்லை. அந்தப் பக்கம் நாதஸ்வர ஒலிநாடா ஓடத் தொடங்கியது. சத்யப்ரியா பட்டுப்புடவையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

இது என்ன என்று ராஜபாண்டி கேட்டார். சத்யப்ரியா விளக்கினார். மதுரைக் கிளையில் வாடிக்கையாளர் மகிழ்ச்சி ஏன் குறைகிறது என்று தலைமையகம் ஆராய்ச்சி செய்ததாம். வண்டியைப் பெற்றுக்கொள்ளும் முதல் நாளில் வாடிக்கையாளர் உச்ச மகிழ்ச்சியில் இருக்கிறார், வண்டியை ஓட்ட ஆரம்பித்ததிலிருந்துதான் அது குறைகிறது என்று தெரிந்ததாம். வண்டியை ஒழுங்காகத் தயாரிப்பது இதற்கு ஒரு வழி. அது நாளாகும் என்பதால், ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் முதல் நாளையே திரும்பக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்களாம். திட்டத்தின் பெயர் 'மீண்டும் முதல் நாள்'. பழுது பார்த்த பாகத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்பது அதில் முதல் விதி. பிரேக் பார்த்தால் பிரேக் மிதிக்குப் பொட்டு. ஹாரன் பார்த்தால் ஹாரனுக்கு. பக்கத்து மேடையில் சைலன்சர் மாற்றிய வண்டிக்காக ஒருவர் தரையில் குப்புறப் படுத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்ததை ராஜபாண்டி அப்போதுதான் கவனித்தார்.

கண்ணாடி சுவிட்சுகளுக்குச் சந்தனம் அப்பப்பட்டது. கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள். வாசலில் காவலாளி கருப்பு, தன் செல்போனுக்கு வந்த படத்தையும் வண்டியில் இருந்த பொட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். படம் வராமல் வண்டி வெளியே போக முடியாது.

செக்கானூரணியில் கண்ணாடி நின்றுபோனது.

அடுத்த தடவை கதவைப் பிரித்து மோட்டாரையே மாற்றினார்கள். சுவிட்சை மறுபடி சுத்தம் செய்தார்கள். இந்த முறை ஓட்டிப் பார்த்துத்தான் தருவோம் என்று சூரியபிரகாஷ் உட்பட நான்கு பேர் வண்டியில் ஏறிக் கிளம்பினார்கள். செக்கானூரணி வரை போய் வடை சாப்பிட்டு, திரும்பும் வழியில் கீழக்குயில்குடிக்குத் திரும்பி, தாமரைக் குளத்தருகே வண்டியின் நான்கு கண்ணாடி வழியாகவும் நான்கு தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கண்ணாடி ஓர் இடத்தில்கூடத் தகராறு செய்யவில்லை. படத்தை ராஜபாண்டிக்கும் அனுப்பினார்கள். அதன் பிறகு விழா நடந்தது. வாடிக்கையாளர் மறுபடி வந்திருப்பதால் மகிழ்ச்சி கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று சொல்லி, சந்தனத்தோடு பன்னீரையும் செம்பிலிருந்து தெளித்தார்கள்.

அன்று தமிழ்வாணியும் கூட இருந்தார். செக்கானூரணியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ராஜபாண்டி சுவிட்சையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தனம் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, சுவிட்சைச் சுற்றியிருந்த இடுக்கில் இறங்கியிருந்தது. சாவி முனையால் கொஞ்சம் சுரண்டினார். கண்ணாடி ஒரு விரல்கடை இறங்கி நின்றது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்தார்.

தமிழ்வாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க செய்றீக? பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். வச்ச பொட்ட எவனாச்சும் அழிப்பானா?"

பொட்டுதான் கோளாறு என்று ராஜபாண்டி சொல்லிப் பார்த்தார். அதைச் சொன்னதற்கே தமிழ்வாணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கைக்குட்டை பைக்குள் போனது.

மறுபடியும் சர்வீஸ் சென்டர். சந்தனம்தான் காரணம் என்று ராஜபாண்டி சூரியபிரகாஷிடம் தன்னால் முடிந்த அளவு சத்தமாகச் சொன்னார். சூரியபிரகாஷ் சுவிட்சைப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே ஒத்துக்கொண்டார். உள்ளே சந்தனம்தான் இருக்கிறது சார் என்றார். ஆனால் கம்ப்யூட்டரில் தண்ணீர் புகுந்தது, எலி கடித்தது, உணவு சிந்தியது என்ற காரணங்கள்தான் இருந்தன. சந்தனம் இல்லை. அதனால் "வாடிக்கையாளர் சுவிட்சில் சாப்பிட்டிருக்கிறார்" என்று பதிவு செய்துகொண்டார். அப்படியானால் இன்று பொட்டு வைக்காமல் வண்டியைக் கொடுங்கள் என்றார் ராஜபாண்டி. பொட்டு மகிழ்ச்சிப் பிரிவைச் சேர்ந்தது, சுவிட்ச் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தது, ஒரு பிரிவின் பணியில் இன்னொரு பிரிவு தலையிட்டால் ஊழியர்களின் மகிழ்ச்சி குறையும் என்று பதில் வந்தது.

சத்யப்ரியாவிடம் போனார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொட்டு வேண்டாம் என்று சொன்ன முதல் வாடிக்கையாளர் நீங்கள்தான், வீட்டில் ஏதும் மனவருத்தமா என்று விசாரித்தார்.

விழா முடிந்ததும் ராஜபாண்டி வண்டியை எடுத்தார். கேட்டுக்கு முன்பாக, யாரும் பார்க்காதபோது, சந்தனத்தை அவசர அவசரமாகத் துடைத்தார். கருப்பு படத்தைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார். "அண்ணே, படத்துல பொட்டு இருக்கு, வண்டியில இல்ல. இது வேற வண்டின்னு ஆயிருச்சு. வேற வண்டிய நான் எப்பிடி விடுறது?" என்றார். வண்டி திரும்பிப் போனது. அழிந்த ஒரு பொட்டுக்கு இரண்டு பொட்டாக வைத்து, பன்னீரையும் தாராளமாகத் தெளித்து அனுப்பினார்கள். வெளியே வந்து துடைத்தும் பிரயோசனமில்லை. சந்தனம் பன்னீரோடு கலந்து உள்ளே போயிருந்தது. செக்கானூரணி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு ராஜபாண்டி திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

காதணி விழாவுக்கு முந்தின நாள் கடைசியாக ஒரு தடவை போனார். இந்த முறை அவரைக் குளிரூட்டிய அறைக்கு அழைத்துப்போனார்கள். கிளையின் பொது மேலாளர் ஜெயபாண்டி, சூரியபிரகாஷோடும் சத்யப்ரியாவோடும் காத்திருந்தார். அவர் பின்னால் சுவரில் மகிழ்ச்சிக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ராஜபாண்டி நடந்ததையெல்லாம் சொன்னார். நாளைக்கு அக்காவைக் கூட்டி வரவேண்டும், கண்ணாடி இறங்காவிட்டால் அக்கா உறவே இல்லாமல் போய்விடும் என்று சொல்லி முடித்தார். ஜெயபாண்டி அவர் தோளில் கை வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"சார், எங்க சந்தனத்தச் சொல்றீங்க. அது தலைமையகம் அங்கீகாரம் கொடுத்த சந்தனம். சுவிட்ச்சும் தலைமையகம் அங்கீகாரம் கொடுத்த சுவிட்ச். அங்கீகாரம் வாங்குன ரெண்டு பொருள் ஒண்ண ஒண்ணு கெடுக்காது. அப்படிக் கெடுத்துச்சுன்னா அங்கீகாரம் தப்புன்னு ஆகும். அங்கீகாரம் தப்பா இருக்க முடியாது. அப்ப எங்க போய் நிக்கிறோம்? எங்க ஆளுங்க ஓட்டுனா கண்ணாடி இறங்குது. நீங்க ஓட்டுனா இறங்கல. அதே ரோடு, அதே செக்கானூரணி. ஃபியூஸ மாத்திட்டோம், மோட்டார மாத்திட்டோம், சுவிட்ச்ச எம்புட்டு வாட்டி சுத்தம் பண்ணிட்டோம். நாங்க இன்னும் மாத்தாதது உங்கள மட்டும்தான்."

"நீங்க பொட்டு வைக்கிறதுக்கு முந்தி ஓட்டுறீக. நான் வச்சதுக்குப் பெறகு ஓட்டுறேன். அதாங்க வித்தியாசம்" என்றார் ராஜபாண்டி.

"பொட்டு வச்சதுக்கு அப்புறம் வண்டி எங்க பொறுப்புல இல்ல சார். எங்க பொறுப்புல இல்லாத நேரத்துல நடந்தத நாங்க பாத்தா, அது உங்க உரிமையில தலையிடுற மாதிரி ஆயிரும்" என்று ஜெயபாண்டி வருத்தத்தோடு சொன்னார். பிறகு சூரியபிரகாஷிடம் திரும்பி, பழுதான பாகம் என்ற இடத்தில் "உரிமையாளர்" என்று பதியச் சொன்னார். இன்றே சரிசெய்து இன்றே ஒப்படைத்துவிடலாம் என்றார்.

ராஜபாண்டிக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அந்த வருடத்தில் முதல் தடவையாகக் கோபமாக ஒரு மறுப்பைச் சொல்ல எழுந்தார். எழுந்தவருக்கு ஒன்று தோன்றியது. சத்யப்ரியாவைப் பார்த்துத் திரும்பினார்.

"அப்ப பொட்டு எதுக்கும்மா வைப்பீக?"

"பழுது பார்த்த பாகத்துக்குத்தான் சார்."

"சுவிட்ச்சுக்கு?"

"இன்னிக்குப் பழுதுன்னு பதிஞ்சது உங்களத்தான் சார். சுவிட்ச்ச சும்மா சுத்தம் பண்றது கணக்குல வராது. விதிப்படி உங்களுக்குத்தான் வைக்க முடியும்."

ராஜபாண்டி உட்கார்ந்தார். என்னைச் சரிசெய்யுங்கள் என்றார்.

அவரை ரிப்பேர் செய்வது மதியம் வரை நடந்தது. ஒரு வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அது ஒன்றும் விடுபடக்கூடாது என்பதில் சூரியபிரகாஷ் கறாராக இருந்தார். ராஜபாண்டியை எடை பார்த்தார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள். இலவச வாட்டர் வாஷ் உண்டு என்பதால் முகம் கழுவ வைத்தார்கள். பிறகு வண்டியில் உட்கார வைத்து, அவர் சுவிட்சை அழுத்தும் விதத்தை நான்கு பேர் குனிந்து பார்த்தார்கள். விரலில் நிதானம் இல்லை என்றார் ஒருவர். தினமும் எத்தனையோ பேர் நரம்பை அந்த விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறவர் ராஜபாண்டி. நிதானமாக அழுத்தினார். கண்ணாடி இறங்கியது. நால்வரும் கை கொடுத்துக்கொண்டார்கள்.

மாற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடம் காட்டிவிட வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. ராஜபாண்டியில் எதையும் மாற்றவில்லையே என்று சூரியபிரகாஷ் குழம்பினார். கடைசியில் விரல் நகத்தை வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. சனிக்கிழமை நகம் வெட்டலாமா என்று அவர் தன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். அம்மா கூடாது என்றதும், வெட்டவில்லை, ராவுகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்கினார். ரத்தம் எடுக்கிறவர் விரலில் நகம் எங்கே இருக்கிறது? தேடித் தேடி ராவி, அந்தத் தூசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, 'பழைய பாகம்' என்று ஒட்டிக் கையில் கொடுத்தார்கள்.

நாதஸ்வரம் ஒலித்தது. சத்யப்ரியா ராஜபாண்டியின் நெற்றியில் சந்தனத்தை அகலமாக வைத்தார். பன்னீர் அவர் தலைமேல் தெளிக்கப்பட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ராஜபாண்டியும் தட்டினார். சுவிட்சுகள் அப்பழுக்கில்லாமல் கறுப்பாக இருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

நீக்கப்பட்ட பழுது என்பது மகிழ்ச்சியான செய்தி, அதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றார் ஜெயபாண்டி. வண்டியின் பின் கண்ணாடியில் பெரிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். "பழுது இருந்த இடம்: உரிமையாளர். வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது. வாகைப்பூ மோட்டார்ஸ், மதுரை." வாசலில் கருப்பு, செல்போன் படத்தையும் ராஜபாண்டியின் நெற்றியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தமிழ்வாணி மகளோடு மண்டபத்துக்குப் போய்விட, ராஜபாண்டி தனியாக எழுமலைக்குக் கிளம்பினார். நாகமலை புதுக்கோட்டையில் கண்ணாடி இறங்கியது. செக்கானூரணியில் வண்டியை நிறுத்தி, நான்கையும் இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். டீக்கடையில் நின்றவர்கள் விற்பனைக்கு வந்த வண்டி என்று நினைத்து விலை கேட்டார்கள். ராஜபாண்டிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எழுமலையில் அக்கா தயாராகத்தான் இருந்தார். புதுப்புடவை கட்டி, பூ வைத்து, போகப் போவதில்லை என்ற முகத்தோடு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டு ஆட்களும் முடிவு தெரிந்துகொள்ள வந்து நின்றார்கள். ராஜபாண்டி சுவிட்சை அழுத்தினார். அக்கா உட்காரும் பக்கத்துக் கண்ணாடி முழுசாக இறங்கியது. அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தவர், பின்னால் போய் நின்றுவிட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சத்தம் கேட்டது.

"பழுது... இருந்த இடம்... உரிமையாளர்." அக்கா நிமிர்ந்தார். "உரிமையாளர்னா நீதான?"

"ஆமா."

"இது ஆரு ஒட்டுனது?"

"கம்பெனிக்காரங்கக்கா."

"அவுகளே பாத்துச் சொல்லிட்டாகளா, பழுது ஒங்கிட்டன்னு? நீ ஒத்துக்கிட்டயா?"

ராஜபாண்டி வாயைத் திறந்தார். சந்தனம், பன்னீர், அங்கீகாரம், சுவிட்சில் சாப்பிட்டதாக எழுதியது எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குப் பின்னால் வழக்கம்போல அந்தப் பஞ்சரான பஸ்ஸும் வந்து நின்றது. எதிரே அக்கா நின்றுகொண்டிருந்தார். தலையில் அவ்வளவு நரை எப்போது விழுந்தது என்று ராஜபாண்டிக்குத் தெரியவில்லை.

"ஒத்துக்கிட்டேன்க்கா. தப்பு எம்மேலதான். நேரம் போனாப் போகுதுன்னு நான் ஒனக்காகக் காத்திருந்திருக்கணும்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடி நின்றவர்களைப் பார்த்தார். "நான் இம்புட்டு நாளாத் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன், எவளாச்சும் நம்புனீகளா? மிசின வச்சுப் பாத்துல்ல எழுதி ஒட்டிருக்காக" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

உசிலம்பட்டி தாண்டும் வரை அக்கா கண்ணாடிக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு வந்தார். ஒரு குமட்டல்கூட இல்லை. ஆரத்திக்கு மஞ்சள் கரைத்துவிட்டார்களா, நான் வந்துதான் கரைக்கணும் என்று சொன்னாயா என்று நடுநடுவே கேட்டுக்கொண்டார். செக்கானூரணி பக்கத்தில் ராஜபாண்டியின் போன் அடித்தது. மகிழ்ச்சிப் பிரிவிலிருந்து சத்யப்ரியா. வண்டி ஓட்டுகிறார் என்று அக்காவே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். பழுது பார்த்த பாகம் இப்போது எப்படி வேலை செய்கிறது என்று சத்யப்ரியா கேட்டார்.

அக்கா தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா வேலை செய்யுது தாயி. கோளாறு ஒண்ணும் இல்ல." பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குரலைத் தணித்தார். "ஏந்தாயி, எங்க வீட்டுக்காரரையும் ஒருக்கா அங்க விடணும். சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குறாக. எடுத்துக்கிருவீகளா?"

அந்தப் பக்கம் சற்று நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"எடுத்துக்குவோம் மேடம்" என்றார் சத்யப்ரியா. "சார் எந்த வருஷ மாடல்?"